பச்ச பஸ்ஸுக்குப் போணி

உடம்புக்கு நல்லதுன்னு நான் செங்கல்பட்டு காலேஜுல சைக்கிள் சங்கம் ஆரம்பிச்சேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. காலேஜு மலருல கோதண்டராமன் சார் அப்படித்தான் எழுதி வெச்சிகீறாரு. அவரு பி.டி. மாஸ்டரு, நல்ல மனுசன், எதப் பாத்தாலும் அவருக்கு உடம்புதான் ஞாபகம் வரும். நெசம் வேற. நான் ஒரு பஸ்ஸ காலி பண்ணணும்னுதான் ஆரம்பிச்சேன். திருக்கழுக்குன்றத்துலேர்ந்து செங்கல்பட்டுக்கு ஓடற பச்ச பஸ்ஸு. அதுக்கு நெத்தியில ஒரு பேரு எழுதியிருக்கும். அத நான் சொல்ல மாட்டேன். என் வாயால அதுக்கு இன்னாத்துக்கு வெளம்பரம்.

என் பேரு ஆதியம்மாள். எங்கப்பா சதுரங்கப்பட்டினத்துல கட்டுமரம் ஏறினவரு. நான் சின்ன கிளாசு படிக்கறப்ப கடலுக்குப் போனவரு திரும்பி வரல. எங்கம்மா குப்பம்மா என்ன இட்டுகினு கழுக்குன்றம் வந்துட்டா. புதுப்பட்டினத்துலேர்ந்து காலங்காத்தால சைக்கிள்காரங்க மீன் கொணாருவாங்க. அத வாங்கி கூடையில அடுக்கி, பச்ச பஸ்ஸு மேல ஏத்திட்டு, அம்மா உள்ள ஏறிக்குவா. செங்கல்பட்டு மார்க்கெட்டுல வித்துட்டு மத்தியானம் வருவா. அந்தக் கூடைதான் என்ன காலேஜு வாசல் வரைக்கும் கொண்டாந்து வுட்டது.

எழுபத்தி மூணாம் வருசம், ஆயுத பூசைக்கு மறுநாள் நடந்தது இது. பூச போட்ட வண்டி மொத ட்ரிப்பு கெளம்பற நாளு. வாழக்கன்னு, சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம்னு பஸ்ஸே கல்யாணத்துக்குப் போற மாதிரி நிக்கும். அன்னிக்கி வெளியாளு குடுக்கற மொத காசுதான் போணி. அத வாங்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திகினு, டிரைவருக்கு மேல மாட்டியிருக்கற சாமி படத்தாண்ட வெச்சிட்டு, அப்பால்தான் மத்தவங்களுக்கு டிக்கெட்டு கிழிப்பாங்க. வூட்டு ஆளு, சம்பளக்காரன் குடுத்தா செல்லாது. அந்தக் காசு எப்படியோ வருசம் பூரா அப்படின்னு நம்பிக்க. நாங்க மீன் விக்கறவங்களும் போணி பாக்கறவங்கதான், அதனால நான் அத கிண்டல் பண்ண மாட்டேன்.

காலேஜு லீவு. அம்மாவுக்கு ஒத்தாசையா நானும் ஏறினேன். அம்மாதான் மொத ஆளு, முன்னாடி சீட்டு. அன்னிக்கி கண்டக்டர் பைய தோள்ல மாட்டிகினு நின்னது அருணகிரி. பஸ் மொதலாளியோட மவன். எங்க காலேஜுலதான் பி.ஏ. படிச்சிகினு இருந்தான், பூச நாளுல மட்டும் பைய மாட்டிகினு ஷோக்கு காட்டுவான். வண்டி கெளம்பறதுக்கு முன்னால அம்மா எட்டணா நீட்டினா. அவன் யாரு எவருன்னு பாக்காமலே வாங்கி, கண்ணுல ஒத்திகினு, சாமி படத்தாண்ட வெச்சான்.

பாதி வழியில, ஏரிக்கரை மதகாண்ட போறப்ப, பின்னாடி சீட்டு பெரிய மனுசன் ஒருத்தன் குனிஞ்சி அவன் காதுல இன்னாவோ சொன்னான். அருணகிரி எங்கம்மா கழுத்தப் பாத்தான். தாலி இல்ல. நெத்தியப் பாத்தான். அப்பால விசில் ஊதி வண்டிய நிறுத்தினான்.

"தாலி அறுத்தவ பூச வண்டியில மொத ஆளா ஏறி குந்திகினு போணி குடுக்கற. அறிவு கீதா உனக்கு? எறங்கு."

அம்மா எறங்கினா. அவன் சாமி படத்தாண்டேர்ந்து அந்த எட்டணாவ எடுத்து ரோட்டுல வீசினான். மேல இருந்த கிளீனரப் பாத்து கை காட்டினான், கூடை கீழ வுழுந்தது. மீனு பூரா புழுதியில பொரண்டுச்சி. நான் குதிச்சி எறங்கி, எனக்குத் தெரிஞ்ச கெட்ட வார்த்த எல்லாத்தையும் அவன் மேல கொட்டினேன். அவன் டிரைவராண்ட தண்ணி வாங்கி கையக் கழுவிகினே சிரிச்சான். "இனிமே ஏறறது மட்டும் இல்ல, என் வண்டிக்கு எதிர்ல கூட வராத" ன்னு எங்கம்மாவப் பாத்து சொன்னான். பஸ்ஸுல இருந்த அத்தினி பேரும் ஜன்னல் வழியா வேடிக்க பாத்தாங்க. ஒருத்தரும் எறங்கல.

அம்மா மொதல்ல குனிஞ்சி எடுத்தது மீன இல்ல, அந்த எட்டணாவ. அப்பால மீன ஏரித்தண்ணியில கழுவி, கூடையத் தலையில வெச்சிகினு நடக்க ஆரம்பிச்சா. நாங்க மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்றப்ப வெயிலு உச்சிக்கு வந்துடுச்சி. மண்ணு அப்பின மீன எவன் வாங்குவான். கால்வாயில கொட்டிட்டு வந்தோம், நாய்ங்களுக்கு நல்ல நாஸ்தா.

"அவன் வீசின காச பொறுக்கினியே, உனக்கு வெக்கமா இல்ல?" ன்னு வழியில கேட்டேன்.

"காசுக்கு இன்னாடி வெக்கம்" ன்னா அம்மா. "வுட்டுத் தள்ளு."

எனக்கு அவன் மேல வந்த கோவத்துல பாதி அம்மா மேலயும் வந்தது. நான் வுட்டுத் தள்ளறவ இல்ல. அன்னிக்கி ராத்திரி சோறு எறங்கல. ஒண்ணே ஒண்ணு முடிவு பண்ணேன். அந்தப் பச்ச பஸ்ஸு ஒரு நாளு எங்கம்மா முன்னால நின்னு, ஏறும்மான்னு கூப்புடணும். எங்கம்மா மாட்டேன்னு சொல்லணும். அத என் கண்ணால பாக்கணும். வேற எதுவும் எனக்கு வேணாம்.

அம்மா அதுக்கப்புறம் செங்கல்பட்டு போறதையே வுட்டுட்டா. ஊருக்குள்ளயே கொளத்தங்கரைப் பக்கம் குந்தி வித்தா. கோயில் ஊருல மீனுக்கு எத்தினி பேரு வருவாங்க? பாதி கூடை மீந்துடும், கருவாடு போடுவா. எங்க வூடு பூரா கருவாடு தொங்கிச்சி. அதப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு அருணகிரி சிரிச்ச மூஞ்சிதான் தெரியும்.

பச்ச பஸ்ஸ வுட்டா செங்கல்பட்டுக்குக் காலையில வேற பஸ்ஸு இல்ல. எங்க மாமன் மூர்த்தி மீன் ஏத்தற சைக்கிள் ஒண்ண ஓரமா போட்டு வெச்சிருந்தாரு. துரு புடிச்சி, கேரியர்ல கொழுப்பு ஏறி கெடந்தது. கேட்டேன், குடுத்தாரு. ஓட்டறது எனக்குப் புதுசு இல்ல. கால் எட்டாத வயசுலயே கம்பிக்கு அடியில கால வுட்டு குரங்கு பெடல் போட்டவ நான். பாவாடைய இழுத்து சொருவிகினு, தாவணிய இடுப்புல சுத்திகினு, காலேஜுக்கு மிதிச்சேன்.

மொத நாளு கேட்டாண்ட அருணகிரியும் அவன் கூட்டமும் நின்னுகினு இருந்தாங்க. என்னப் பாத்ததும் "மீன் வண்டி வருதுடா" ன்னான் ஒருத்தன். இன்னொருத்தன் மியாவ்ன்னான். அப்பால எல்லாரும் பூனையாட்டம் கத்தினாங்க. தெனமும் இதான். நான் தல குனியல. ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் நல்லாப் பாத்து மனசுல எழுதிகினேன்.

ரெண்டு வாரம் போயிருக்கும். வத்சலா எங்கிட்ட வந்தா. கெமிஸ்ட்ரி படிக்கறவ, அவங்கப்பா எங்க ஊரு தாழக்கோயிலாண்ட இஸ்கூல் வாத்தியாரு. அதுவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசினது இல்ல.

"ஆதி, நேக்கு சைக்கிள் கத்துத் தருவியா? ஆத்துல சொல்லாதே."

"உனக்கு இன்னாத்துக்கு சைக்கிளு?"

"அந்தக் கடங்காரன் பஸ்ஸ நிறுத்தவே மாட்டேங்கறான். ஸ்டூடண்ட்னா அரை டிக்கெட்டாம். போன மாசம் ப்ராக்டிகல் போச்சு. நின்னாலும் அந்தக் கண்டக்டர் உரசிண்டே நிக்கறான். நான் நடந்து வேணா வருவேன், இனிமே அதுல ஏற மாட்டேன்."

அப்பதான் எனக்குப் புத்தி வந்தது. எனக்கு மட்டும்தான் அந்த பஸ்ஸு மேல கோவம்னு நெனச்சிகினு இருந்தேன். விசாரிச்சிப் பாத்தா அந்த ரோட்டுல வர ஒவ்வொருத்தருக்கும் ஒரு கத இருந்தது. ஹாஸ்டல்ல எடம் கெடைக்காம ஊருலேர்ந்து வர பூவராகவன ஒருக்கா ஃபுட்போர்டுலேர்ந்து தள்ளி வுட்டிருக்காங்க, முட்டியில தழும்பு காட்டினான். ஒருத்தன் அக்காவ நெறமாசத்துல நிக்க வெச்சே கூட்டிகினு போயிருக்காங்க. சைக்கிள் மேல ஆசன்னு எங்கிட்ட ஒருத்தரும் வரல. அவங்கவங்க கோவத்தத்தான் எடுத்துகினு வந்தாங்க. நான் அத எல்லாம் சேத்துக் கட்டினேன்.

கிரவுண்டு வேணும்னு கோதண்டராமன் சாராண்ட போனோம். ஜிம்முக்குப் பின்னாடி ஒரு ஓட்டு ஷெட்டு காலியா கெடந்தது, அதையும் கேட்டேன்.

"சைக்கிள் ஓட்டினா இதயம் பலப்படும் அம்மா. ரொம்ப நல்ல எண்ணம்" ன்னாரு.

"ஆமா சார், இதயத்துக்குத்தான்" ன்னேன். வத்சலா வாயப் பொத்திகினா.

சாயங்காலம் கிளாசு முடிஞ்சதும் கிரவுண்டுல கத்துக் குடுத்தேன். அரைத் தாவணியோட கம்பி வெச்ச சைக்கிள்ல ஏறறது லேசு இல்ல. வத்சலா அஞ்சாறு தபா வுழுந்தா, முழங்கை தேஞ்சிடுச்சி. வூட்டுல கேட்டதுக்கு லேப்புல வழுக்கிடுச்சின்னு சொல்லிட்டா. சைக்கிள் இல்லாதவங்க மத்தவங்க வண்டிய மாத்தி மாத்தி எடுத்தாங்க. பூவராகவன் ஷெட்டுல ஒரு பழைய டப்பாவுல பஞ்சர் ஒட்டற சாமானு எல்லாம் வாங்கி வெச்சான். எவன் டியூப்பு பஞ்சரானாலும் எல்லாரும் சேந்து குந்தி ஒட்டணும், ஒட்டி முடியற வரைக்கும் ஒருத்தரும் கெளம்பக் கூடாதுன்னு வெச்சேன். தனியா எவனும் போவக் கூடாது. மெதுவா மிதிக்கறவங்க முன்னால, வேகமா மிதிக்கறவங்க பின்னால.

அது எதுக்குன்னு கோதண்டராமன் சார் கேட்டாரு. யாரும் பின்தங்கிடக் கூடாது இல்ல சார்ன்னேன். அவரு கண்ணுல தண்ணி வந்துடுச்சி. நெசம் இன்னான்னா, பச்ச பஸ்ஸு பின்னால வர்றப்ப தடிப்பசங்க வால்ல இருந்தாத்தான் அவன் எவ்ளோ ஆரன் அடிச்சாலும் ஒதுங்காம மிதிப்பானுங்க. கழுக்குன்றம் ரோட்டுல காலையில எங்க கூட்டம் முன்னால ஊந்துகினு போவும், பின்னால பஸ்ஸு ஊந்துகினு வரும். உள்ள இருக்கறவங்க டிரைவரத் திட்டுவாங்க. எனக்கு அது கேக்கக் கேக்க காலு வலியே தெரியாது.

தையி பொறந்தப்ப ஷெட்டுல எடம் பத்தல. ஒரு ஞாயித்துக்கெழம எல்லாரும் மாமல்லபுரம் போனோம். சவுக்குத் தோப்புல சைக்கிள சாச்சி வெச்சிட்டு, கொண்டாந்த புளிசாதத்தப் பிரிச்சி, ஒருத்தர் பொட்டலத்துல ஒருத்தர் கை வெச்சி துன்னோம். பூவராகவன் அலையில வெளையாண்டான். வத்சலா கடலுல காலு நனச்சிகினு, எங்கப்பா மாதிரி கடலுக்குப் போறவங்க எல்லாம் எப்படி திரும்பி வர வழி பாப்பாங்கன்னு கேட்டா. நான் சொன்னேன். அன்னிக்கி பூரா எனக்கு அருணகிரி ஞாபகமே வரல. வூட்டுக்கு வந்து கருவாட்டப் பாத்ததும் எம்மேலயே எனக்குக் கோவம் வந்தது. இவ்ளோ சுளுவா மறந்துட்டியேடின்னு.

அவன் மறக்கல. பஸ்ஸுல ஸ்டூடண்டு கூட்டம் கொறஞ்சதும் அவங்கப்பன் அவன வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கான். ஒரு நாளு சாயங்காலம் ஷெட்டுக்குப் போனா, அத்தினி சைக்கிளும் ரிம்மு மேல நிக்குது. வால்டியூப்ப எல்லாம் புடுங்கினு போயிட்டாங்க. காலேஜு கேட்டாண்ட பச்ச பஸ்ஸு நிக்குது, வழக்கமா அது அங்க நிக்காது. அருணகிரி படியில நின்னுகினு, "வாங்க வாங்க, இன்னிக்கி எல்லாருக்கும் சீட்டு கீது" ங்கறான்.

மழ வர மாதிரி இருட்டிகினு இருந்தது. பாதிப் பேரு தலையத் தொங்கப் போட்டுகினு ஏறிட்டாங்க. நான் சைக்கிளத் தள்ளிகினு நடந்தேன். வத்சலா கூட வந்தா, பூவராகவன் வந்தான், இன்னும் கொஞ்சம் பேரு. நல்லா நனஞ்சோம். எனக்கு வந்த கோவத்துக்கு ஏறினவங்க எல்லாரையும் சங்கத்துலேர்ந்து தொரத்தணும்னு இருந்தது.

மறுநாளு காலையில அவங்களே வந்தாங்க. பஸ்ஸு கெளம்பினதும் அருணகிரி எல்லாரும் கேக்க, "வண்டி வாணாம்னு போனீங்களே, எப்படி நாயாட்டம் வந்து ஏறினீங்க பாத்தீங்களா" ன்னு சொல்லியிருக்கான். முழு டிக்கெட்டும் வாங்கியிருக்கான். நானு ஒரு வருசம் கத்தினாலும் சேக்க முடியாத ஆளுங்கள அவன் ஒரே வார்த்தையில எனக்குச் சேத்துக் குடுத்துட்டான். அதுவரைக்கும் சும்மா வேடிக்க பாத்துகினு இருந்தவங்க கூட சைக்கிளோட வந்தாங்க. அதுக்கப்புறம் ஷெட்டுல மாத்தி மாத்தி காவல் போட்டோம்.

எழுபத்தி நாலு ஆயுத பூச வந்தது. லீவு வுடறதுக்கு மொத நாளு ஷெட்டுலயே சைக்கிளுக்கு எல்லாம் பொட்டு வெச்சி பூச போட்டோம். கோதண்டராமன் சார்தான் கற்பூரம் காட்டினாரு. அவரு பொரிகடலய வாங்கிகினு போனப்புறம் நான் சொன்னேன்.

"பூசைக்கு மறுநாளு காலையில எல்லாரும் கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டுக்கு வரணும். கேரியரு காலியா வரணும். செங்கல்பட்டு போற சனம் ஒண்ணு கூட பச்ச பஸ்ஸுல ஏறக் கூடாது. ஓசியில நம்மளே கொண்டு வுடறோம். அவன் வண்டிக்குப் போணியே ஆவக் கூடாது."

யாரும் ஏன்னு கேக்கல. அவங்கவங்களுக்கு அவங்கவங்க கணக்கு இருந்தது.

பூச அன்னிக்கி ராத்திரி அம்மாவாண்ட மட்டும் நெசத்த சொன்னேன். "நாளைக்கி பஸ் ஸ்டாண்டாண்ட வந்துடாத. போணி இல்லாம அவனே உன்னத் தேடி வந்து கூப்புடட்டும், மாட்டேன்னு சொல்லு. அவனுக்கு இன்னிக்கி வரைக்கும் இருந்த திமிரு நாளையோட எறங்குது."

"இன்னும் அதையே புடிச்சிகினு தொங்கறியா" ன்னா அம்மா. "வுட்டுத் தள்ளுடி."

எனக்குப் பத்திகினு வந்தது. ரோசம்ன்னு ஒண்ணு உன் ஒடம்புல இருக்குதான்னு கேட்டுட்டு திரும்பிப் படுத்துகினேன்.

காலையில பஸ் ஸ்டாண்டுல பச்ச பஸ்ஸு கழுவி, மாலை போட்டு, வாழக்கன்னு கட்டி நின்னுகினு இருந்தது. பூசணிக்கா ஒடைச்சாச்சி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சங்கா வெச்சாச்சி. மொதலாளி பட்டுக்கரை வேட்டியில, கையில கடியாரத்தோட நின்னாரு. அருணகிரி தோள்ல பை.

மொதல்ல வந்தவரு வெத்தலக் கட்டு சுமந்துகினு ஒருத்தரு. வத்சலா ஓடினா. "மாமா, செங்கல்பட்டுக்கா? வாங்கோ, நாங்க கொண்டு விடறோம். காசெல்லாம் வேண்டாம்." அவரு ஒரு தபா பஸ்ஸப் பாத்தாரு, ஒரு தபா இவளப் பாத்தாரு. ஏறி குந்திட்டாரு. அப்பால கல்யாணத்துக்குப் போற புருசன் பொஞ்சாதி, ஆளுக்கொரு சைக்கிளு. கோர்ட்டு குமாஸ்தா ஒருத்தரு, நல்லா கனத்த ஒடம்பு, பூவராகவன் பல்ல கடிச்சிகினு அவர ஏத்திகினு போனான். டபுள்ஸ் போனா போலீஸு புடிப்பாங்க, ஆனா பூச மறுநாளு, அங்க நின்ன போலீஸ்காரரும் பொரி துன்னுகினு சும்மா பாத்துகினு இருந்தாரு. அவரையும் ஒரு நாளு அந்த பஸ்ஸு ஏத்தாம போயிருக்கும் போல. மலைக்கோயிலுக்கு வந்த வெளியூரு சனம் உச்சி வேளையில கழுகு வந்து பிரசாதம் துன்னறதப் பாக்காம எறங்காது. ஸ்டாண்டு காலியாயிகினே வந்தது.

மொதலாளி கடியாரத்தப் பாத்தாரு. ராகு காலம் வரதுக்குள்ள வண்டி எடுக்கணும். அருணகிரி கிளீனருகிட்ட ஒரு எட்டணாவக் குடுத்து ஏறச் சொன்னான்.

"சம்பளக்காரன் காசு செல்லாதுடா, மடையா" ன்னாரு மொதலாளி. "போணி இல்லாம வண்டி நகரக் கூடாது."

நான் சைக்கிள் மேல குந்திகினு, ஒரு காலத் தரையில ஊணிகினு, அந்த மூஞ்சியப் பாத்துகினே இருந்தேன். ஒரு வருசமா இந்த மூஞ்சிக்குத்தான் மிதிச்சேன். அப்படியே அவன் நிக்கட்டும்னு இருந்தப்பதான், கொளத்தங்கரைத் திருப்பத்துல எங்கம்மா வர்றா. தலையில கூடை, மேல ஈரத்துணி.

சைக்கிளப் போட்டுட்டு ஓடினேன். "உன்ன யாரு வரச் சொன்னது?"

"செங்கல்பட்டு போணும்."

"எங்கேரியர்ல ஏறு."

"உன் சைக்கிள்ல எனக்கு பயம்" ன்னுட்டு, நேராப் போயி பஸ்ஸுக்கு முன்னால நின்னா.

அருணகிரிக்கு அடையாளம் தெரிஞ்சிடுச்சி. "நைனா, இது அந்த..." ன்னு ஆரம்பிச்சான்.

"எவளா இருந்தா இன்னாடா. இன்னும் கொஞ்ச நேரத்துல ராகு காலம். போணியே இல்லாம போறதுக்கு இது எவ்வளவோ மேலு. கூப்புடு."

அவன் காலு நவுரல. அவங்கப்பன் மொறைச்சாரு. அருணகிரி எங்கம்மாவாண்ட வந்தான்.

"ஏறு."

"யாரத் தம்பி சொல்ற?"

"உன்னத்தான்."

"நான் தாலி அறுத்தவ ஆச்சே. நல்லா சொல்லு, காது சரியா கேக்கல."

அவன் காது மடலு செவந்துடுச்சி. "ஏறும்மா" ன்னான்.

நான் ஒரு வருசமா காத்துகினு இருந்த வார்த்த அது. அங்க நின்ன எல்லாருக்கும் கேட்டது. இனிமே அம்மா மாட்டேன்னு சொல்லணும், அவ்ளோதான். அம்மா பொடவக் கொசுவத்தத் தூக்கிப் புடிச்சிகினு, படியில காலு வெச்சி, ஏறிட்டா.

எனக்கு உலகமே வெறுத்துப் போச்சி. நான் காலு வீங்க மிதிச்சது, மழயில நனஞ்சது, பூன மாதிரி அவனுங்க கத்தினதக் கேட்டது, எல்லாத்தையும் எங்கம்மா ஒரு படி ஏறி மண்ணாக்கிட்டா. சொந்தப் பெத்தவ மேல அப்படி ஒரு வெறுப்பு எனக்கு அதுக்கு முன்னயும் வந்தது இல்ல, பின்னயும் வந்தது இல்ல.

அம்மா முன்னாடி சீட்டுல குந்தினா. போன வருசம் குந்தின அதே சீட்டு.

"கூடைய மேல போடு" ன்னான் அருணகிரி.

"கூடை என் மடியில இருக்கும்."

அவன் மொதலாளியப் பாத்தான், அவரு கடியாரத்தப் பாத்தாரு. கூடை மடியிலயே இருந்தது. அவன் கைய நீட்டினான். அம்மா இடுப்புலேர்ந்து சுருக்குப் பைய எடுத்தா, அதுக்குள்ளேர்ந்து ஒரு துணி முடிச்ச எடுத்தா. பல்லால கடிச்சி மெதுவா அவுத்தா. உள்ள ஒரு எட்டணா.

"ரெண்டு கையால வாங்கு தம்பி. போணி இல்ல?"

ரெண்டு கையால வாங்கினான். "கண்ணுல ஒத்திக்கடா" ன்னு வெளியிலேர்ந்து மொதலாளி கத்தினாரு. ரெண்டு கண்ணுலயும் ஒத்திகினான். சாமி படத்தாண்ட வெச்சான்.

வெச்சதுக்கு அப்புறம்தான் அம்மா பேசினா. ஸ்டாண்டு பூரா கேக்கற மாதிரி, மார்க்கெட்டுல மீன் கூவற குரல்ல.

"போன வருசம் நீ மதகாண்ட ரோட்டுல வீசினியே, அதே காசுதான் அது. இந்தத் தபா பத்தரமா வெச்சிரு."

அருணகிரி கை சாமி படத்துக்குப் போச்சி, அப்படியே நின்னுடுச்சி. போன வருசம் மாதிரி எடுத்து வீசினா, வேற போணி குடுக்க இன்னிக்கி ஆளு இல்ல. அவங்கப்பன் கீழப் பாத்துகினு, "வண்டிய எடு" ன்னாரு.

பஸ்ஸு கெளம்பிச்சி. நான் சைக்கிளத் தூக்கிகினு பின்னாலயே மிதிச்சேன். முன்னால எங்க கூட்டம் சவாரி வெச்சிகினு ரோட்ட அடச்சி ஊந்துகினு போச்சி, பஸ்ஸால தாண்டவே முடியல. அதனால நான் ஒரு அடி கூட வுடாம பின்னாலயே போனேன். பின் கண்ணாடி வழியா எங்கம்மா தல மட்டும் முன்னாடி தெரிஞ்சது. மத்த சீட்டு பூரா காலி.

ஏரிக்கரை மதகு வந்தது. விசில் சத்தம் கேட்டது. பஸ்ஸு நின்னது.

"செங்கல்பட்டுக்குத்தான டிக்கெட்டு" ங்கற அருணகிரி குரலு கேட்டது.

"ஆமா. எனக்கு இங்க எறங்கித்தான் பழக்கம்" ன்னா அம்மா.

எறங்கினா. அவசரப்படாம, கூடைய இடுப்புல வெச்சிகினு, ஒவ்வொரு படியா எறங்கினா. பஸ்ஸு ஒரு ஆளு இல்லாம போச்சி. வாழக்கன்னும் மாலையும் ஆடிகினு போச்சி.

நான் சைக்கிள வுட்டு எறங்கினேன். கூடையாவது வாங்கலாம்னு கை குடுத்தேன், தூக்கினா கனமே இல்ல. ஈரத்துணிய எடுத்துப் பாத்தேன். உள்ள ஒரு மீன் இல்ல, ஒரு செதிலு கூட இல்ல.

"மீனு எங்க?"

"பூச மறுநாளு எவன்டி மீன் வாங்குவான்."

"அப்ப எதுக்கு வந்த? நீதான வருசம் பூரா வுட்டுத் தள்ளு, வுட்டுத் தள்ளுன்ன?"

"உன்னத்தான் வுடச் சொன்னேன்" ன்னா அம்மா. "நீ படிக்கற பொண்ணு. நான் வுட்டேன்னு எப்ப சொன்னேன்?"

கூடையத் தலகீழா கவுத்து ஹேண்டில்ல மாட்டினா. சைக்கிள்ல பயம்னு சொன்னவ, ஒரே தாவுல எங்கேரியர்ல ஏறி ஒரு பக்கமா குந்தி, என் இடுப்பப் புடிச்சிகினா. நான் வூட்டுப் பக்கம் வண்டியத் திருப்பப் போனேன்.

"அந்தப் பக்கம் இல்ல" ன்னா. "செங்கல்பட்டுப் பக்கம் மிதி. அவன் திரும்பி வர்றப்ப நான் அவன் வண்டிக்கு எதிர்ல வரணும்."